முன்பணம் யார் கையில்?

ஒரகடத்தில் உங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு சி.என்.சி. மெஷின், ஒரு வி.எம்.சி., ஆறேழு ஆட்கள். வாசலில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலை. ராத்திரி பகல் பார்க்காமல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன.

பெரிய வெண்டார் கம்பெனி ஒன்று உங்களுக்குப் புதிதாக ஒரு பாகம் கொடுத்திருக்கிறது. அதை மெஷினில் அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஃபிக்ஸ்சர் வேண்டும். ஃபிக்ஸ்சர் செய்ய டிசைன் வேண்டும். அதற்கென்று மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைத்துக் கட்டுப்படியாகுமா? ஆகாது. வருஷத்துக்கு நாலு டிசைன் வந்தால் அதிகம்.

'இன்டர்நெட்டில் போடுங்க சார், ஃப்ரீலான்சர் கிடைப்பாங்க' என்கிறார் ஒரு நண்பர். போடுகிறீர்கள். மறுநாள் காலையில் பார்த்தால் கோயமுத்தூரிலிருந்து ஒருவர், மணிலாவிலிருந்து ஒருவர், கெய்ரோவிலிருந்து ஒருவர் என்று வரிசையாக விலை சொல்லியிருக்கிறார்கள். கோயமுத்தூர்க்காரரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். உடனே அந்த வலைத்தளம் ஒன்று சொல்கிறது: முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு அவர் வேலையை ஆரம்பிப்பார்.

உங்களுக்குக் கோபம் வருகிறது. வேலையே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் பணமா? நானே மூன்று மாசத்துக்கு முன்னால் சப்ளை செய்த சரக்குக்கு இன்னும் காசு வரவில்லையே!

நியாயமான கோபம்தான். ஆனால் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டு விஷயங்களையும் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம், வேலை தொடங்குவதற்கு முன்பே பணம். இன்னொரு பக்கம், வேலை முடிந்து மூன்று மாசமாகியும் பணம் இல்லை. இரண்டும் 'வெளியே கொடுத்து வாங்குகிற' வேலைதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பதில் தெரிய வேண்டுமானால் முன்னூற்றுச் சொச்சம் வருஷம் பின்னால் போகவேண்டும். ரொம்ப தூரம் போகவேண்டாம். இதே ஜில்லாவுக்குள்தான்.

1639. பிரான்சிஸ் டே என்கிற ஆங்கிலேய வியாபாரி, மதராசப்பட்டினம் என்ற கடற்கரை மணல்வெளியைத் தேர்ந்தெடுக்கிறார். அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றி அலையோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்படியும் ஏன் அந்த இடம்? துணி. சுற்று வட்டாரத்தில் துணி மலிவு. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸில் கோட்டை கட்டியது நாட்டைப் பிடிப்பதற்காக அல்ல, துணி வாங்குவதற்காக.

கம்பெனிக்குச் சொந்தமாகத் தொழிற்சாலை இருந்ததா? கிடையாது. ஒரு தறிகூடக் கிடையாது. எல்லா வேலையும் வெளியேதான். காசி வீரண்ணா மாதிரி பெரிய வணிகர்களிடம் ஆர்டர் கொடுப்பார்கள். இத்தனை துணி, இந்த நீளம், இந்த அகலம். வணிகர் கீழே உள்ள தரகர்களுக்குச் சொல்வார். தரகர் நெசவாளியிடம் போவார். ஆனால் வெறுங்கையோடு போகமாட்டார். பணத்தோடு போவார்.

முன்பணம். நூல் வாங்க ஒரு பங்கு. நெய்து முடிக்கும் வரை குடும்பம் சாப்பிட ஒரு பங்கு. முன்பணம் வராமல் தறி ஆடாது.

இங்கேதான் ஒரு நுணுக்கமான விஷயம் இருக்கிறது. அதே காலத்தில் இங்கிலாந்திலும் வியாபாரிகள் வீடுகளுக்கு நெசவு வேலை கொடுத்தார்கள். அங்கே பெரும்பாலும் கொடுத்தது பணத்தை அல்ல, கம்பளியை. கம்பளி வியாபாரியுடையது என்றால் அதிலிருந்து வரும் துணியும் வியாபாரியுடையதுதான். நெசவாளிக்கு மிஞ்சியது கூலி. நம் ஊரிலோ பணம்தான் கை மாறியது. நூல் நெசவாளியே வாங்கியது, தறி அவருடையது. ஆகவே துணியும், ஒப்படைக்கிற நிமிஷம் வரை அவருடையது.

இதனால் அவருக்கு ஓர் உரிமை இருந்தது. விலை பிடிக்கவில்லையா? பக்கத்து ஊருக்கு வேறொரு வியாபாரி கூடுதல் விலையோடு வந்திருக்கிறாரா? வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்ளலாம். தென்னிந்திய நெசவாளர்கள் பற்றி 2001-ல் புத்தகம் எழுதிய வரலாற்று ஆய்வாளர் பிரசன்னன் பார்த்தசாரதி இதை அழுத்திச் சொல்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை நம் நெசவாளி அப்படியொன்றும் அடிமைப்பட்டுக் கிடக்கவில்லை. பேரம் பேசும் பலம் அவர் பக்கம் நிறையவே இருந்தது. அந்தப் பலத்தின் ரகசியம், இந்தக் கழன்றுகொள்ளும் உரிமை.

கம்பெனிக்கு இது பெரிய தலைவலி. ஆர்டர் கொடுத்த துணி வராது, வந்தாலும் நேரத்துக்கு வராது. ஒரு யோசனை செய்தார்கள். 1734-ல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கூவம் வளைவில் ஒரு தோட்டத்தை எடுத்து நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். சின்னத் தறிப்பேட்டை. இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. வாங்குகிறவன் தன் வாசலுக்குப் பக்கத்திலேயே விற்கிறவனை உட்கார வைத்துக்கொள்வது! இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரில் 'வெண்டார் பார்க்' என்று சொல்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான்.

இரண்டாவது யோசனை கொஞ்சம் கொடூரமானது. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். காஞ்சிபுரத்தைச் சுற்றிய நெசவுக் கிராமங்கள் எல்லாம் இப்போது கம்பெனியின் கையில். துணி வாங்குகிறவனும் கம்பெனி, வரி வாங்குகிறவனும் கம்பெனி, தண்டனை கொடுக்கிறவனும் கம்பெனி. அடுத்த சில பத்தாண்டுகளில் இடைத்தரகர்களை ஓரங்கட்டிவிட்டு, குமாஸ்தாக்களை வைத்து நேரடியாகவே முன்பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். தரகர் ஒழிந்தார், நல்லதுதானே என்கிறீர்களா? அதுதான் இல்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கழன்றுகொள்வது இனிமேல் செல்லாது என்று ஆக்கினார்கள். வாங்கினால் வாங்கியதுதான், நெய்தே தீரவேண்டும். வெளி ஆட்களுக்கு விற்கக்கூடாது. சரிபார்க்கத் தறிப் பக்கத்தில் பியூன்கள். முன்பணம் என்னவோ அதே முன்பணம்தான். ஆனால் நேற்று வரை மூலதனமாக இருந்தது, இன்றைக்குக் கால் விலங்காக மாறிவிட்டது.

ஆக, வெளியே வேலை கொடுப்பதில் இரண்டே கேள்விகள்தான் முக்கியம். பணத்தை முதலில் வைப்பது யார்? பிடிக்காவிட்டால் யாரால் கழன்றுகொள்ள முடியும்? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தொழிற்சாலைக் காலத்துக்கு வருவோம்.

யந்திரம் வந்த பிறகு முதலாளிகள் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர ஆசைப்பட்டார்கள். உச்சம் ஹென்றி ஃபோர்டு. அமெரிக்காவில் டியர்பார்ன் நகரத்தில் அவர் கட்டிய ரூஜ் தொழிற்சாலையில் ஒரு முனையில் இரும்புத் தாது உள்ளே போகும், மறு முனையில் கார் வெளியே வரும். டயருக்கு ரப்பர்? அதற்காக 1920-களின் கடைசியில் பிரேசில் காட்டில் தோட்டமே போட்டார் மனுஷன். அது படுதோல்வி.

ரொனால்டு கோஸ் என்கிற பொருளாதார நிபுணர் 1937-ல் ஒரு கேள்வி கேட்டார். சந்தையிலேயே எல்லாம் கிடைக்கும்போது கம்பெனி என்று ஒன்று எதற்கு? அவரே பதிலும் சொன்னார். வெளியே போய் ஆளைத் தேடி, விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, கண்காணிப்பதற்கு ஒரு செலவு இருக்கிறது. உள்ளேயே ஆள் வைத்துச் செய்வது அதைவிட மலிவாக இருக்கிறவரைக்கும் கம்பெனி வளரும். வெளியே கொடுப்பது மலிவானால் கம்பெனி சுருங்கும். இந்தச் சிந்தனைக்கு 1991-ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

ஜப்பான்காரர்கள் சுருக்கிக் காட்டினார்கள். டொயோட்டா தன் மின்சாதனப் பிரிவை 1949-ல் தனிக் கம்பெனியாகவே வெட்டி வெளியே விட்டது. அதுதான் இன்றைய டென்சோ. தாய்க் கம்பெனி நடுவில், சுற்றிலும் பாகம் செய்கிற கம்பெனிகள். தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் பாகம் வரவேண்டும். சரக்கைக் குடோனில் அடுக்கி வைத்துப் பணத்தை முடக்கக் கூடாது.

நம் ஊரும் சும்மா இல்லை. 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. அப்போது தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். அடுத்து அம்பத்தூர். பாடியில் டி.வி.எஸ். குழுமம் ஸ்டார்ட்டர் மோட்டார் முதல் போல்ட், நட்டு வரை செய்தது. 1990-களின் தொடக்கத்தில் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து கொடுக்கிற ஆர்டரைப் பிடித்தது. டெட்ராய்ட்காரர் வெளியே கொடுத்த வேலை நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர் என்றும், 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றும் மட்டுமே வெளியுலகம் அறிந்திருந்த இடம். 1996-ல் ஹுண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டியது. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. தனியாக வரவில்லை, தன் கொரிய சப்ளையர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான். 2012-ல் டெய்ம்லர் லாரி. 2013-ல் ராயல் என்ஃபீல்டு. மாத்தூர், வல்லம், பிள்ளைப்பாக்கம் என்று பொட்டல் காடெல்லாம் ஷெட்டாக மாறியது.

இந்த ஷெட்டுகளை மேலிருந்து கீழாக அடுக்கினால் ஒரு கோபுரம் மாதிரி இருக்கும். உச்சியில் கார் கம்பெனி. அதற்கு நேராக சப்ளை செய்வது முதல் அடுக்கு. அவர்களுக்குச் செய்து கொடுப்பது இரண்டாம் அடுக்கு. அதற்கும் கீழே, ஜாப் ஒர்க் செய்கிற நீங்கள்.

இப்போது நம் முதல் கேள்வி. இங்கே பணத்தை முதலில் வைப்பது யார்?

நீங்கள்! மெஷின் உங்கள் பேங்க் கடனில் வாங்கியது. டூல் உங்கள் காசு. சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி உங்கள் பாக்கெட்டிலிருந்து. சரக்கு போய், பரிசோதனை முடிந்து, ரிஜெக்ஷன் கழித்து, பில் பாஸாகி, அறுபது நாளோ தொண்ணூறு நாளோ கழித்துப் பணம் வரும். காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், பேலன்ஸ் ஷீட்டில் 'சன்ட்ரி கிரெடிட்டர்ஸ்' என்று சாதுவாக ஒரு வரி இருக்கும். பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர்கள் பட்டியல் அது. அதில் உங்கள் பெயரும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி எத்தனை கெடுபிடி செய்தாலும், முன்பணத்தை அதுதான் கொடுத்தது. இன்றைக்குக் கடைசி அடுக்கில் இருக்கிறவர், உச்சியில் இருக்கிறவருக்கு முன்பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993-லேயே தாமதப் பணத்துக்கு வட்டி கேட்கும் சட்டம் வந்தது. 2006-ல் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அதைவிடக் கறாராக வந்தது. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ வாங்கினால், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இது போதாதென்று, 2023 பட்ஜெட்டில் வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள். கெடு தாண்டிய பாக்கியை, நிஜமாகவே கொடுத்து முடிக்கிற வரை செலவாகக் கணக்குக் காட்ட முடியாது.

நல்ல சட்டம்தான். ஆனால் வழக்குப் போடுகிறவர் எத்தனை பேர்? போட்டால் அடுத்த ஆர்டர் வராது. வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், வாங்கிப் போட்ட டை, செய்து வைத்த ஃபிக்ஸ்சர் எல்லாம் இந்த ஒரு பாகத்துக்கு மட்டும்தான் ஆகும். பேங்க் தவணை நிற்காது. கழன்றுகொள்ளும் உரிமை தாளில் இருக்கிறது, தரையில் இல்லை.

சின்னவர்களுக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். இதே சாலையில் நோக்கியா கதை இருக்கிறது. 2006-ல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை. நேரடியாக மட்டுமே சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். பக்கத்திலேயே சார்ஜர் செய்கிற சால்காம்ப், பாகம் செய்கிற ஃபாக்ஸ்கான் என்று சப்ளையர்கள். 2013-ல் நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. ஆனால் வருமான வரித் தகராறில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை முடங்கியிருந்ததால் அதை மட்டும் கை மாற்ற முடியவில்லை. என்ன செய்தார்கள்? 2014 ஏப்ரலிலிருந்து நோக்கியாவின் அந்தத் தொழிற்சாலை, மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுக்கிற இடமாக ஆனது. ஆமாம், உலகத்துக்கே ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த நோக்கியா, சொந்த வீட்டிலேயே ஜாப் ஒர்க் செய்தது. ஆர்டர் கொடுக்கிறவர் ஒரே ஒருவர். அவர் நிறுத்தினார். 2014 நவம்பர் 1-ம் தேதி தொழிற்சாலை நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதில் பெண்கள் ஏராளம், கையில் ஒரு தொகையோடு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். வாசலில் இருந்த சப்ளையர்களும் ஆடிப்போனார்கள்.

அப்புறம் காற்று மாறியது. ஃபாக்ஸ்கான் இங்கே ஐபோன் செய்ய ஆரம்பித்தது. பூட்டிக் கிடந்த நோக்கியா கட்டடத்தை, ஒரு காலத்தில் அதன் சப்ளையராக இருந்த சால்காம்ப்பே வாங்கிக்கொண்டது. ஆப்பிள் போன் செய்வதை ஃபாக்ஸ்கானிடம் வெளியே கொடுக்கிறது. ஃபாக்ஸ்கான் தொழிலாளிகளின் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் இன்னும் வெளியே காண்டிராக்டர்களிடம் கொடுத்தது. 2021 டிசம்பரில் அப்படி ஒரு விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடப்பட்டது. வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பை வெளியே கொடுக்க முடியாது என்று அந்தப் பெண்கள் ஆப்பிளுக்கே புரிய வைத்தார்கள்.

சரி, உங்கள் கோயமுத்தூர் ஃப்ரீலான்சருக்கு வருவோம்.

1998-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் தாமஸ் மலோன், ராபர்ட் லாபக்கர் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். இனி இன்டர்நெட் வழியாகத் தனி ஆட்களே தற்காலிகமாகக் கூடி வேலை செய்து பிரிவார்கள் என்றார்கள். அதற்கு 'ஈ-லான்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷமே ஈலான்ஸ் என்ற பெயரில் ஒரு கம்பெனி பிறந்தது. ஆரம்பித்தவர்களில் ஒருவர் பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த பீருட் சேத். பிறகு கிரேக்க நண்பர்கள் இருவர், ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் கிரீஸிலும் இருந்துகொண்டு சேர்ந்து வேலை செய்ய வழி தேடியதில் ஓடெஸ்க் உருவானது. இரண்டும் இணைந்து 2015-ல் அப்வொர்க் ஆனது.

கோஸ் சொன்ன தேடும் செலவு, பேரம் பேசும் செலவு, கண்காணிக்கும் செலவு எல்லாம் இங்கே சல்லிசாகிவிட்டது. கண்காணிப்பு எப்படி என்கிறீர்களா? மணிக்கணக்கில் கூலி பேசினால், வேலை செய்கிறவரின் கம்ப்யூட்டர் திரையை மணிக்கு ஆறு தடவை அதுவே படம் பிடித்து உங்களுக்கு அனுப்பும். தறிப் பக்கத்தில் நின்ற கம்பெனி பியூன் ஞாபகத்துக்கு வருகிறாரா?

ஆனால் பியூன் மட்டும் திரும்பி வரவில்லை. முன்பணமும் திரும்பி வந்திருக்கிறது. மொத்த வேலைக்கு ஒரு விலை என்று பேசினால், அந்தப் பணத்தை நீங்கள் முதலில் நடுவில் இருப்பவரிடம் கட்டவேண்டும். வேலை வந்து, நீங்கள் சரி என்றதும் அவருக்குப் போகும். அப்வொர்க்கில், வேலையை ஒப்படைத்து 14 நாள் நீங்கள் வாயே திறக்காவிட்டால் பணம் தானாகவே போய்விடும். பதினாலு நாள்! உங்கள் தொண்ணூறு நாளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதனால் ஃப்ரீலான்சர் ராஜா ஆகிவிட்டார் என்று அர்த்தமில்லை. அவருடைய போட்டி பக்கத்துத் தெருவில் இல்லை, மணிலாவில் இருக்கிறது. நடுவர் தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். ஒரு ஸ்டார் குறைத்துப் போட்டால் அடுத்த வேலை கிடைப்பது கஷ்டம். பல வருஷம் சேர்த்த நல்ல பெயரை வேறு தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. கழன்றுகொள்வது அவருக்கும் லேசில்லை.

பட்டறை முதலாளிக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். டிராயிங் யாருடையது? நம் காப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஆள் வரைந்தது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். வெளி ஆள் வரைந்தது அப்படியில்லை. எழுதி வாங்காவிட்டால் அது வரைந்தவருக்கே சொந்தம். காஞ்சிபுரத்து நெசவாளியின் துணி மாதிரி. இன்னொன்று, கஸ்டமர் உங்களை நம்பிக் கொடுத்த டிராயிங்கை முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பலாமா? ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். என்ன வேண்டும், எத்தனை தடவை திருத்தம், எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதை வேலைக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு டிசைன் திருப்தியாக வந்ததும் உங்களுக்கு ஒரு யோசனை தோன்றும். 'எதுக்கு நடுவில் கமிஷன்? நேரா பேசிக்கலாம் தம்பி, வேலையை முடிச்சு அனுப்புங்க, எங்களுக்கு பேமென்ட் வந்ததும் போட்டு விட்டுடறேன்.' அந்தத் தளத்தின் விதிக்கு அது ஒத்துவராது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வாக்கியத்தை வேறு எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? உங்கள் பில்லைப் பற்றி விசாரிக்கப் போகும்போதெல்லாம் மேல் அடுக்கில் இருப்பவர் உங்களிடம் சொல்வது இதைத்தான்.

அந்தத் தம்பி உத்யமில் பதிந்த குறுந்தொழில்காரராக இருந்தால், 45 நாள் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். பதியாவிட்டால் சட்டம் உங்களைக் கேட்காது. அவர் வீட்டு வாடகையும் கரண்ட் பில்லும் அவரைக் கேட்கும். அவருக்குக் கீழே இன்னொரு அடுக்கு கிடையாது, தள்ளிவிட.

மேலிருந்து வரவேண்டிய பணத்தை உங்களால் உடனே வாங்க முடியாமல் போகலாம். கீழே போகவேண்டிய பணம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைக் கட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.